ராசா, இதையெல்லாம் நீ கத்துக்கிடாத!

வா பேராண்டி, உக்காரு. பெங்களூருக் கம்பெனி, வீட்டுலயே வேலை, மேசையில லேப்டாப்பு, அதுக்குப் பக்கத்துல பெரிய மானிட்டர் ஒண்ணு, காதுல ரெண்டு குமிழு. ஒன் சம்பளத்தை ஒங்கப்பன் டீக்கடையில ஏலம் போடாத குறையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறான். நல்லா இருப்பா. ஒன்னைக் குறை சொல்ல வரல. காலையில இருந்து இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு ஒன் வேலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். என்னா ஒழைப்பு! எக்செல்ல மூலையப் பிடிச்சு இழுக்குற, அது சுருங்குது. குரோமைத் தலையில பிடிச்சு நகத்துற, அது எக்செல்லு மேல ஏறி உக்காருது. மறுபடி எக்செல்ல இழுக்குற. அதுக்குள்ள மெயில் வந்து ரெண்டையும் மறைக்குது. அதைக் கீழ எறக்கிட்டு, எதுக்கு எறக்குனோம்னு மறந்துபோயி திரும்ப ஏத்துற. டீ ஆறிப்போச்சு. இவ்வளவு பெரிய படிப்புக்கு இவ்வளவு இழுவையாடான்னு எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

அதனால ஒனக்கு ஒரே ஒரு புத்திமதி. அந்தக் கீபோர்டுல எடது பக்கம், கீழ் வரிசையில, நாலு கட்டம் போட்ட பொத்தான் ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தொட்டுறாத. தொட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சுரும். நாலு மணிக்கே முடிஞ்சா ஒன் மேனேஜருக்குத் தெரியுதோ இல்லையோ, ஒன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் ரேசன் கடைக்கு யாரு போறது, மாவு மில்லுக்கு யாரு போறதுங்குற கேள்வியெல்லாம் இந்த வீட்டுல எந்திரிக்கும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?

நீயும் இதுவரைக்கும் சூதானமாத்தான் இருந்திருக்க. நானும் பாத்தேன். ‘ஏ’ தேஞ்சுபோச்சு, ‘எஸ்’ பாதி அழிஞ்சுபோச்சு, ஸ்பேஸ் பட்டை வழுவழுன்னு மின்னுது. அந்த நாலு கட்டம் மட்டும் பெட்டியப் பிரிச்ச அன்னைக்கு இருந்த மேனிக்கே இருக்கு. 1994-ல மைக்ரோசாஃப்ட்காரங்க நேச்சுரல் கீபோர்டுன்னு ஒண்ணை எறக்குனாங்க, எழுத்தெல்லாம் நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். அதுல கொண்டாந்து வச்ச பொத்தான் இது. அப்ப நீ பொறக்கவே இல்ல. ஒனக்கு மூத்த பொத்தான், மரியாதைக்காகத் தொடாம இருக்க போல. பெரியவங்ககிட்ட இப்படித்தான் நடந்துக்கிடணும்.

தாத்தனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. விருதுநகர்ல மிளகா மண்டியில கணக்கு எழுதுனவன் நான். மொதலாளி மகன் ஒருநாள் கம்ப்யூட்டரக் கொண்டாந்து எறக்குனான். அத்தனை பயலும் ஷாக் அடிச்சுரும்னு தூரத்துல நின்னு கும்பிட்டானுங்க. நான்தான் உக்காந்தேன். ரெண்டு வெரல்லதான் அடிப்பேன். மவுஸ் மட்டும் கைக்கு ஒட்டி வரல. அம்புக்குறிய ஒரு எடத்துல நிறுத்தச் சொன்னா அது ஒரு எடத்துல போயி நிக்கும். அதனால மவுஸத் தள்ளி வச்சுட்டுப் பொத்தானாப் பாத்து அமுக்கிப் பழகுனேன். ஓய்வு பெத்ததுக்கு அப்புறம் ராத்திரி தூக்கமும் வர்றதில்லையா, ஒங்கப்பன் போன்ல இந்தக் கதையெல்லாம் தேடித் தேடிப் பாப்பேன். வயசானவன் ராத்திரி என்ன பாக்குறான்னு இந்த வீட்டுல எவனும் கேக்குறதில்ல. நல்லதாப் போச்சு.

மண்டியில சிட்டை, பேரேடுன்னு ரெண்டு நோட்டு. சிட்டையில அன்னன்னைக்கு வந்த சரக்கு, கொடுத்த ரூவா. பேரேட்டுல ஆளாளுக்குத் தனிப்பக்கம். சாயங்காலம் ஒத்துப் பாக்குறப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வைப்போம். எடது கை வெரலு சிட்டையில ஊரும், வலது கை பேனா பேரேட்டுல நகரும். ஒண்ணு மேல ஒண்ணை வச்சு, மேல் நோட்டத் தூக்கித் தூக்கிக் கீழ் நோட்டப் பாத்து எழுதுனா, நூத்தம்பது மூடை நூத்தஞ்சு ஆயிரும். மறுநா காலையில வெவசாயி வந்து வாசல்ல நிப்பான். நீ இப்பச் செய்யுறது அந்தத் தூக்கித் தூக்கிப் பாக்குற வேலைதான். எக்செல்லுல எண்ணைப் பாக்குற, மனசுல வச்சுக்கிற, விண்டோவ மாத்துற, மெயில்ல அடிக்குற. போற வழியில ஒரு சைபர் கழண்டு விழுந்துருது. அப்புறம் ‘சாரி, கரெக்டட் வெர்ஷன்’னு இன்னொரு மெயில். ஒங்க ஆபீஸ்ல ஓடுற மெயில்ல பாதி இந்த வகைதானே?

அதுக்குத்தான் சொல்றேன், நாலு கட்டப் பொத்தானப் பிடிச்சுக்கிட்டு எடது அம்புக்குறிய மட்டும் அமுக்கிப்புடாத. அமுக்குனா எக்செல்லு போயி எடது பாதியில அளந்து வச்சு ஒட்டிக்கிரும். அதோட விடுமா? மிச்சம் தெறந்து கெடக்குற விண்டோவெல்லாம் வலது பாதியில குட்டி குட்டியா வரிசையில வந்து நின்னு, அடுத்த பாதி யாருக்குன்னு கேக்கும். மெயிலத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுனா அது வலது பக்கம் உக்காந்துரும். இடுக்கு இல்ல, மறைப்பு இல்ல. நடுவுல இருக்குற கோட்டை மவுஸால பிடிச்சு நகத்துனயின்னா ஒண்ணு பெருக்க பெருக்க இன்னொண்ணு தானாச் சுருங்கும். எடது பாதியில இருக்கும்போதே நாலு கட்டத்தோட மேல் அம்புக்குறியத் தட்டுனா மூலையில கால் பாகமாப் போயி ஒடுங்கும். அப்படி நாலு மூலைக்கும் நாலு பேரைக் குடி வைக்கலாம். ஒன் பெரிய மானிட்டருக்கு நாலு தாங்கும். லேப்டாப்புல நாலு வச்சா எழுத்துத் தெரியாது, ரெண்டோட நிறுத்திக்க. நிறுத்திக்கவா? நீ ஆரம்பிக்கவே கூடாதுன்னு தானே சொல்லிக்கிட்டு இருக்கேன். வாய் தவறிருச்சு.

இதுல ஒரு பழைய பங்காளிச் சண்டை இருக்கு, கேளு. 1985 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட்காரங்க மொத விண்டோஸ வெளியிட்டாங்க. அதுல ஒரு விண்டோ மேல இன்னொரு விண்டோ ஏறாது. பக்கத்துல பக்கத்துல, கட்டங்கட்டமாத்தான் நிக்கும். நடுவுல கேள்வி கேக்குற சின்னப் பெட்டி வேணா மேல வரும், மத்தபடி அவனவன் எடத்துல அவனவன். ஜனங்க அதைப் பாத்துட்டு என்னய்யா இது, கையக் காலக் கட்டிப்போட்ட கணக்கான்னு மூஞ்சியச் சுளிச்சாங்க. ஏன்னா அதுக்கு முந்துன வருசமே ஆப்பிள்காரங்க மேக்கின்டாஷ்னு ஒண்ணு கொண்டாந்துருந்தாங்க, அதுல விண்டோ ஒண்ணு மேல ஒண்ணு படுக்கும், நீ பாட்டுக்கு நகத்திக்கலாம். ஸ்டைலா இருந்துச்சு.

அந்த ஸ்டைல ஆப்பிளுக்குச் செஞ்சு கொடுத்த ஆளு பில் அட்கின்சன். 1979-ல ஆப்பிள்காரங்க கலிபோர்னியாவுல பாலோ ஆல்டோங்குற ஊருல இருக்குற ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தப் பாக்கப் போனாங்க. அங்க ஆல்டோன்னு ஒரு கம்ப்யூட்டர், 1973-லயே செஞ்சது. அதுல விண்டோ ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குறத அட்கின்சன் பாத்தாரு. மேல இருக்குறது மறைச்சாலும், கீழ இருக்குற விண்டோவுல வெளிய தெரியுற பாகம் தன்னால புதுசாகிக்கிட்டே இருக்குன்னு நெனைச்சாரு. நெனைச்சுக்கிட்டே ஊருக்கு வந்து, மண்டையப் போட்டு ஒடச்சு, அதைச் செஞ்சும் முடிச்சாரு. பின்னாலதான் தெரிஞ்சுது, ஜெராக்ஸ்ல அப்படி ஒண்ணு நடக்கவே இல்லியாம். இவராப் பாத்த மாதிரி நெனைச்சுக்கிட்டது. இல்லாததப் பாத்துட்டு உருவாக்குனவரு அவரு. கண்ணு முன்னால இருக்குறதப் பாக்காம இழுத்துக்கிட்டு இருக்குறவன் நீ. ரெண்டு பேரு பாக்குறதுக்கும் கம்ப்யூட்டர் வேலைன்னுதான் பேரு.

அப்புறம் 1987 டிசம்பர்ல விண்டோஸ் ரெண்டாவது பதிப்பு வந்துச்சு. அதுல விண்டோ ஒண்ணு மேல ஒண்ணு ஏற ஆரம்பிச்சுருச்சு. அடுத்த வருசமே ஆப்பிள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, எங்க வீட்டு அழக எடுத்துட்டான்னு. வழக்கு வருசக்கணக்கா இழுத்துச்சு. மொத்தம் 189 அம்சத்தப் பட்டியல் போட்டாங்க. அதுல 179, ஆப்பிளே 1985-ல மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதிக் கொடுத்த உரிமத்துக்குள்ள அடங்கிருதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. எழுதிக் கொடுக்குறப்ப வரி வரியாப் படிக்கணும், நம்ம ஊர்ல கெணத்துப் பங்கு எழுதிக் கொடுத்தவனைக் கேட்டா சொல்லுவான். மிச்சம் 10 அம்சத்துக்கும் ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு ஆகிப்போச்சு. 1994-ல மேல்முறையீட்டுலயும் ஆப்பிள் தோத்துச்சு.

இவ்வளவு சண்டை போட்டு வாங்குன ஒண்ணு மேல ஒண்ணை ரெண்டு கட்சியும் என்ன செஞ்சாங்க? 2009-ல விண்டோஸ் 7 வந்தப்ப, விண்டோவத் திரையோட ஓரத்துக்கு இழுத்தா பாதியா ஒட்டிக்கிற வசதிய மைக்ரோசாஃப்ட் கொண்டாந்து வச்சாங்க. நம்ம மொத விண்டோஸ் கட்டங்கட்டமா நின்ன கதைக்கே திரும்பியாச்சு. வழக்குப் போட்ட ஆப்பிள்காரங்களும் 2024-ல செக்கோயான்னு ஒரு பதிப்புல ஓரத்துக்கு இழுத்தா ஒட்டிக்கிறத வச்சுட்டாங்க. வக்கீலுக்குக் கொடுத்த காசு வக்கீலோட போச்சு. என்னையக் கேட்டா ரெண்டும் வேணும். படிக்கிறதுக்கும் ஒத்துப் பாக்குறதுக்கும் பக்கத்துல பக்கத்துல. ஒரே வேலைய மூச்சப் பிடிச்சுச் செய்யுறப்ப ஒண்ணு மட்டும் திரை பூரா. ஒண்ணு மேல ஒண்ணைக் கோணல் மாணலாப் பரப்பி வைக்கிறது இருக்கே, அது எதுக்கும் ஆகாது, பாக்குறவனுக்கு நீ பிசியா இருக்கன்னு காட்டுறதுக்குத்தான் ஆகும். அதுக்கு அது ரொம்ப நல்லாவே ஆகும்.

விண்டோஸ் 11 வச்சிருக்கீல்ல? 2021-ல வந்தது. அதுல வலது மேல் மூலையில, இன்டூக் குறிக்குப் பக்கத்துல, சதுரப் பொத்தான் ஒண்ணு இருக்கும். நீ அதைப் படக்குன்னு அமுக்கி விண்டோவப் பெருசாக்கிட்டுப் போயிருவ. அமுக்காம அது மேல அம்புக்குறிய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. கட்டம் கட்டமா ஒரு சின்னப் படம் வரும். பாதி பாதி, மூணுல ரெண்டு, நாலு மூலைன்னு வகை வகையா. பெரிய அகலத் திரைன்னா மூணு பத்தியாக்கூடக் கேக்கும். எதுல வேணுமோ அதத் தொட்டா அங்க போயி உக்காரும். மவுஸ் பிடிக்காத என்னைய மாதிரி ஆளுக்கு நாலு கட்டப் பொத்தானோட ‘இசட்’. விண்டோவத் தூக்கித் திரையோட உச்சிக்குக் கொண்டு போனாலும் அதே படம் தொங்கிக்கிட்டு வரும். ஒனக்கு இது அடிக்கடி தலைகாட்டி எரிச்சல் வந்திருக்கும், என்ன எழவுன்னு தெரியாம தட்டிவிட்டிருப்ப. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள மல்டிடாஸ்கிங்னு போனா அதை நிறுத்தலாம். நிறுத்துறதுக்கு முன்னால ஒரு தடவை பயன்படுத்திப் பாக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். கட்டாயப்படுத்துற பழக்கம் எனக்கு இல்ல.

அதே மல்டிடாஸ்கிங் பக்கத்துல இன்னொரு வேடிக்கை ஒளிஞ்சிருக்கு. விண்டோவோட தலைப்பட்டிய மவுஸால பிடிச்சு எடதும் வலதுமா ரெண்டு உலுக்கு உலுக்குனா, அது ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் கீழ எறங்கிரும். திரும்ப உலுக்குனா மேல வந்துரும். விண்டோஸ் 7-ல இது தானா வேலை செஞ்சுச்சு. 11-ல அணைச்சு வச்சிருக்காங்க, நாமதான் தேடிப் போயி போட்டுக்கிடணும். பாவம், எவனோ கை நடுங்குறவன் தெரியாம உலுக்கிட்டு, போட்ட விண்டோவெல்லாம் எங்கன்னு அலறியிருப்பான். அந்த நடுக்கத்துக்கு வேற வழி இருக்கு. நாலு கட்டத்தோட ‘ஹோம்’ பொத்தான அமுக்குனா உலுக்காமலேயே அதே வேலை நடக்கும். ‘டி’யோட அமுக்குனா எல்லாமே எறங்கி வெறும் டெஸ்க்டாப்பு தெரியும், மறுபடி அமுக்குனா எல்லாம் திரும்பும். இந்த ‘டி’ய நீ கத்துக்கிட வேண்டாம்னு சொல்ல முடியல ராசா. ஒன் பொண்டாட்டி காபி கொண்டாந்து வைக்கிறப்ப நீ கிரிக்கெட்ட மூட ஓடுற வேகத்துல மவுஸு மேசைய விட்டுக் கீழ விழுந்துச்சுல்ல. அதைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். வெறும் டெஸ்க்டாப்பையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாலும் அவ சந்தேகப்படுவாங்குறதையும் ஞாபகம் வச்சுக்க.

ஆல்ட்-டேப் ஒனக்குத் தெரியும்னு சொல்லுவ. தெரியும், ஆனா எப்படி? ஆல்ட்டப் பிடிச்சுக்கிட்டு டேப்ப டப டப டபன்னு தட்டி, வேணுங்குறதத் தாண்டிப் போயி, திரும்ப ஒரு சுத்து வர்ற. ஷிஃப்ட்டச் சேத்துப் பிடிச்சா பின்னால வரும்னு யாரும் சொல்லல. அதை விட முக்கியம், அந்த வரிசை கடைசியாத் தொட்ட விண்டோவ முன்னால வச்சு அடுக்குனது. அதனால ஒரே ஒரு தட்டு தட்டி விட்டுட்டா, முன்ன பாத்ததுக்குப் போகும். இன்னொரு தட்டு, இதுக்கே வரும். ரெண்டு விண்டோவுக்கு நடுவுல ஊஞ்சல் ஆடலாம். டாஸ்க்பார்ல வரிசையா நிக்கிறதுல மொதலாவது ஆள வேணும்னா நாலு கட்டத்தோட ‘1’, ரெண்டாவதுன்னா ‘2’, இப்படியே 9 வரைக்கும். குரோமை மொத எடத்துல குத்தி வச்சுட்டா வாழ்நாள் பூரா ‘1’தான்.

ஆனா அந்தக் குரோமுக்குள்ள நீ தெறந்து வச்சிருக்குற டேபெல்லாம் இருக்கே, அதுக்கு எந்தச் சாமியும் வழி சொல்ல முடியாது. தலைப்பு எழுத்தே தெரியல, வெறும் பொட்டுப் பொட்டா நிக்குது. அப்புறம் படிப்போம்னு போன தீவாளிக்குத் தெறந்தது இன்னும் கெடக்கு. போகட்டும்.

ஒனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரத்துக்கு வர்றேன். 2015-ல விண்டோஸ் 10 வந்தப்ப ஒரு டெஸ்க்டாப்ப பலதாக்குற வசதியக் கொடுத்தாங்க. நாலு கட்டம், கன்ட்ரோல், ‘டி’ மூணையும் சேத்து அமுக்குனா புது டெஸ்க்டாப்பு ஒண்ணு சுத்தமாப் பொறக்கும். நாலு கட்டம், கன்ட்ரோல், எடது வலது அம்புக்குறி அமுக்கி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவலாம். வேண்டாம்னா ‘எஃப்4’ சேத்து மூடலாம், உள்ள இருந்த விண்டோ சாகாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்குக் குடி போயிரும். நாலு கட்டம் டேப் போட்டா எல்லாத்தையும் ஒரே பார்வையில பாக்கலாம். புதுசுன்னு நெனைக்காத. ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துலயே ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்டுன்னு ரெண்டு பேரு 1986-ல ‘ரூம்ஸ்’னு இதைச் செஞ்சு காட்டிட்டாங்க. அவங்க சொன்னதுதான் அசல் விசயம். மனுசன் ஒரு நேரத்துல ஒரு வேலைக்கு வேண்டிய நாலஞ்சு விண்டோவத்தான் தொடுறான். வேலை மாறுனா அடுத்த நாலஞ்சு. திரை சின்னதா இருக்குறதால அதையும் இதையும் ஒரே எடத்துல போட்டு, எடத்துக்கு அடிதடி நடக்குது, வேலை நடக்கல. அதனால ஒரு வேலைக்கு ஒரு அறைன்னு பிரிச்சு விடுங்கன்னாங்க. கணக்குக்கு ஒரு டெஸ்க்டாப்பு, மெயிலுக்கும் மீட்டிங்குக்கும் ஒண்ணு, சொந்த வேலைக்கு ஒண்ணு. பேரும் வச்சுக்கலாம்.

நீ என்ன செய்வ? எல்லாத்தையும் மொத டெஸ்க்டாப்புல கொட்டிட்டு, ரெண்டாவதுல சினிமாவ ஓடவிட்டு, காலடிச் சத்தம் கேட்டதும் அம்புக்குறிய அமுக்குவ. ஹென்டர்சன் ஐயாவும் கார்டு ஐயாவும் இதுக்காகத்தான் ராத்திரி பகலா ஒழைச்சாங்கன்னு நெனைச்சா மனசு நெறையுது.

போன மாசம் மீட்டிங்ல நடந்தத மறந்துட்டியா? கணக்கக் காட்டுறேன்னு முழுத் திரையையும் பகிர்ந்துட்ட. எக்செல்ல எறக்குனா அதுக்குப் பின்னால ஒன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குற பக்கம் தெறந்து கெடக்கு. பன்னெண்டு கட்டமும் போட்ட ஜாதகம் அத்தனை பேருக்கு முன்னால. ஹைதராபாத்ல இருந்து பேசுற ஒருத்தரு, பையன் நட்சத்திரம் என்னன்னு அக்கறையாக் கேட்டாராமே. பகிரும்போது முழுத் திரையா, ஒரே ஒரு விண்டோவான்னு அது கேக்கத்தான் கேக்குது. ‘ஒரே விண்டோ’ன்னு சொல்லியிருந்தா அந்த எக்செல்லு மட்டும்தான் போகும், பின்னால யாரு குடியிருந்தாலும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அந்தக் கம்பெனியிலதான் இருக்காங்களான்னு இப்ப ஒங்கம்மா கவலைப்பட்டுக்கிட்டுக் கெடக்கா.

நீ பெங்களூருல இருந்தப்ப, பொங்கலுக்கு இங்க வந்தயே, அப்ப இன்னொரு கூத்து. லேப்டாப்ப மட்டும் தூக்கிக்கிட்டு வந்துட்ட, பெரிய மானிட்டர் பெங்களூருல. கணக்கு மென்பொருளத் தெறந்தா கீழ டாஸ்க்பார்ல கோடு போட்டுக் காட்டுது, தெறந்துதான் இருக்கு. ஆனா திரையில ஒரு மண்ணும் இல்ல. நீ மூடித் தெறந்த, அணைச்சுப் போட்ட, கம்ப்யூட்டரப் படச்சவனைத் திட்டுன, கடைசியா ஒங்கப்பன்கிட்ட இன்டர்நெட் சரியில்லன்னு சொல்லிட்ட. அந்த விண்டோ எங்கயும் போகல ராசா. அது இன்னும் பெங்களூரு மானிட்டர்ல இருக்குறதா நெனைச்சுக்கிட்டு, இல்லாத திரையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்ப வர்ற விண்டோஸ் 11 மானிட்டரக் கழட்டுனா விண்டோவக் கீழ டாஸ்க்பாருக்கு எறக்கி வச்சுருது, மாட்டுனா திரும்ப அந்த எடத்துல வைக்குது. ஆனா சில பழைய மென்பொருள் தான் போன எடத்தத் தானே குறிச்சு வச்சுக்கிட்டு, பிடிவாதமா அங்கயே போயி நிக்கும். அதைக் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர வழி இருக்கு. ஆல்ட்-டேப்ல அதத் தேர்ந்தெடு. ஆல்ட்டோட ஸ்பேஸத் தட்டி, அப்புறம் ‘எம்’ அடி. எம்முன்னா மூவ். இப்ப எதாச்சும் ஒரு அம்புக்குறிய ஒரு தட்டு தட்டிட்டு, கைய எடுத்து மவுஸ நகத்து. விண்டோ வந்து அம்புக்குறியில ஒட்டிக்கிட்டுக் கூடவே வரும். எடத்துல வச்சு ஒரு கிளிக்கு. ரெண்டு மானிட்டரும் மாட்டியிருந்தா இன்னும் சுளுவு. நாலு கட்டம், ஷிஃப்ட்டு, எடதோ வலதோ அம்புக்குறி. இந்த மானிட்டர்ல இருந்து அந்த மானிட்டருக்குத் தாவிரும். நான் இதை அன்னைக்கே சொல்லியிருப்பேன். கட்டில்ல படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்குற வயசுல பொங்கலும் அதுவுமா ஒரு சந்தோசம் வேண்டாமா?

பவர்டாய்ஸ்னு ஒண்ணு இருக்கு, மைக்ரோசாஃப்ட்காரங்களே சும்மா கொடுக்குறது. அதைப் போட்டுக்கிட்டா நாலு கட்டம், கன்ட்ரோல், ‘டி’ சேத்து அமுக்குற விண்டோ எல்லாத்துக்கும் மேல நின்னுக்கிரும்… இரு இரு, தப்பு, அந்த ‘டி’ வேற, இந்த ‘டீ’ வேற. டெஸ்க்டாப்புக்கு டாக்குடர்ல வர்ற எழுத்து, இதுக்கு டொமேட்டோவுல வர்ற எழுத்து. சின்னக் கால்குலேட்டர மேல மெதக்க விட்டுட்டுக் கீழ வேலை பாக்கலாம். ஒங்க கம்பெனிக்காரன் விட மாட்டான், எதைப் போட்டாலும் அனுமதி கேளும்பான். கேட்டுப் பாரு, கெடைச்சா லாபம்.

இவ்வளவும் எவன் சொல்லிக் கொடுத்தான்னு யோசிச்சா ஒன் மேல கோவம் வரல. காலேஜ்ல நாலு வருசம் கம்ப்யூட்டர் படிச்ச. கம்ப்யூட்டர்ல என்ன என்னவோ சொல்லிக் கொடுத்தாங்க, கம்ப்யூட்டரப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கல. செஞ்சவங்களும் நல்லதையெல்லாம் ரெண்டு மூணு பொத்தான் சேத்து அமுக்குற எடத்துல ஒளிச்சு வச்சுட்டு, வேண்டாத விளம்பரத்த ஸ்டார்ட் மெனுவுல முன்னுக்க வச்சுட்டாங்க. பத்து வருசமா ஓசியில கெடக்குற வசதிய விட்டுட்டு, வேகமா வேலை செய்யணும்னு மூணாவது மானிட்டர் வாங்கக் காசு கேட்டு மெயில் போட்டிருக்க பாரு, அதைத்தான் தாங்க முடியல. மூணுலயும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுத்தானே வைப்ப.

சரி, ஒன் பொண்டாட்டி கூப்புடுறா, போ. போறப்ப ஒண்ணே ஒண்ணு. இதை மட்டும் கத்துக்க, நெசமாத்தான் சொல்றேன். எந்திரிச்சுப் போறப்ப நாலு கட்டத்தோட ‘எல்’ அமுக்கிட்டுப் போ, திரை பூட்டிக்கிரும். முந்தாநா நீ குளிக்கப் போனப்ப ஒன் மகன் அந்த நாற்காலியில ஏறி நின்னு, தெறந்து கெடந்த சாட்டுல ரெண்டு கையாலயும் கொட்டு அடிச்சு, என்டரையும் தட்டிட்டான். முழுசா மூணு வரி, ஒரே ‘ஜ’வும் ஏழும். ஒன் மேனேஜரு அதுக்கு ‘நோட்டட், தேங்க்ஸ்’னு பதில் போட்டிருக்காரு, பாத்தியா?